கண்ணாடி இல்லாத படம்

என் அண்ணிக்குக் கண்ணாடி வெட்டுவது காய் நறுக்குவது மாதிரி. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு பிரேம் கடையை அவள்தான் நடத்துகிறாள். நான் கூடமாட நிற்கிறேன். கட்டரால் ஒரே இழுப்பு, லேசாக ஒரு தட்டு, கண்ணாடி சொன்ன பேச்சு கேட்டு இரண்டாகும். அதே கோட்டில் இன்னொரு முறை இழுத்தால் பாழ். "கண்ணாடியும் மாமியாரும் ஒண்ணு. ஒரு தடவை சொல்லிட்டு விட்டுடணும், மறுபடி வாயைக் குடுத்தா போச்சு" என்பாள். வாய் நீளம், அழுத்தமும் அதிகம். எனக்கோ எலி ஓடினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

எதிர்க்கடைத் தையல்காரரைச் சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கும்பல் பட்டப்பகலில் அடித்தே கொன்றது. அவர் செய்த குற்றம், நாங்கள் கும்பிடுகிற சாமியைக் கும்பிடாதது. அவ்வளவுதான். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரை விட்டே போய்விட்டார்கள். கடை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அண்ணி அவர் படத்துக்குப் பிரேம் போட்டு அந்த ஷட்டரில் மாட்டுவாள். மறுநாள் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கும். பெருக்கி அள்ளிவிட்டுப் படத்தை உள்ளே எடுத்து வைப்பாள்.

இந்த வருடம் அதற்கு முந்தின நாளே சிரிப்பு வந்துவிட்டான். எந்நேரமும் பல் தெரிய இருப்பதால் தெரு அவனுக்கு வைத்த பெயர் அது. தையல்காரரைக் கொன்ற அந்தக் கும்பலுக்கு இப்போது அவன்தான் தலை.

"அக்கா, நாளைக்கு அந்தப் படத்தை மாட்டாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." கடையைச் சுற்றி ஒரு பார்வை விட்டான். "எல்லாமே கண்ணாடி. பாத்து இருங்க."

அவன் தலை மறைந்ததும் கெஞ்ச ஆரம்பித்தேன். "வேணாம் அண்ணி. புது லோடு இப்பத்தான் வந்து இறங்கியிருக்கு. ஒரு கல்லு போதும், அப்புறம் நாம என்னத்தைத் திங்கிறது? செத்தவரு திரும்பியா வரப்போறாரு?"

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு தம்பி" என்றாள்.

மறுநாள் காலையில் படத்துக்குக் கண்ணாடி வெட்ட உட்கார்ந்தாள். கோடு வளைந்தது, கண்ணாடி கோணலாகப் பிளந்தது. இன்னொன்று எடுத்தாள். அதுவும் போச்சு. அவள் கையில் கண்ணாடி பாழாகி நான் பார்த்ததே இல்லை. சரி, இத்தோடு விட்டுவிடுவாள் என்று வெட்கமில்லாமல் ஒரு நிம்மதி வந்தது.

கட்டரைக் கீழே வைத்தாள். "கண்ணாடியே வேணாம். இத்தனை வருஷமா கண்ணாடியை உடைச்சிட்டுப் போயிட்டானுங்க. இந்தத் தடவை வெறும் மூஞ்சி இருக்கட்டும். கிழிக்கிறவன் என் கண்ணு முன்னாடி வந்து கிழிக்கட்டும்."

தையல்கடை ஷட்டரில் படத்தை மாட்டிவிட்டு அதன் கீழேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளைத் தனியாக விட மனம் வராமல் நானும் போய்ப் படியில் உட்கார்ந்தேன். வியாபாரம் வந்தால் ஓடிப் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் கடையைத் திறந்தே வைத்திருந்தோம்.

தெருவில் போனவர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள். பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சிரிப்பு ஒருமுறை மெதுவாகக் கடந்து போனான். படத்தைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். அவன் பல் தெரியாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணி முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

மத்தியானம் முகத்தில் துணி கட்டிய இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. எதிரே சடசடவென்று சத்தம். எங்கள் கடையின் முகப்புக் கண்ணாடி மொத்தமாக இறங்கியது.

"ஐயோ!" என்று எழுந்து ஓடப் போனேன். அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"உக்காரு தம்பி."

"கடை போகுது அண்ணி!"

"போகட்டும். அன்னைக்கும் இவரு கத்தக் கத்த எல்லாரும் அவங்கவங்க கடையைக் காப்பாத்தத்தான் ஓடினோம். உக்காரு."

உட்கார்ந்தேன். இன்னொரு கல் உள்ளே போய் விழுந்தது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.