மாலை நேர டாக்டரைக் கேட்ட எங்கள் அக்கா

அக்காவின் காரியத்துக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கே போனாலும் பேசுவது அக்கா, பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பது தங்கையாகிய நான். எங்கள் வழக்கம் அதுதான். இன்று அவரைப் பற்றி நான் எழுதி வாசிக்க வேண்டியிருக்கிறது.

அக்கா பிறந்தது கோலார் தங்கவயலில். சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு இருமல் முற்றியபோது, ரயிலில் பெங்களூருக்கு அழைத்து வந்து, வரிசையில் நின்று, கன்னடத்தில் கேட்டு மருந்து வாங்கிப் போனது பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்த அக்காதான். மாமாவை மணந்து பெங்களூரில் ஜோகுபாளையத்துக்கு வந்தார். கண் மங்கும்வரை தையல் கம்பெனியில் உழைத்தார். பிள்ளை இல்லாத குறையை என் மகனை வைத்தே தீர்த்துக்கொண்டார்.

அவனுக்குச் சிறு வயதிலேயே வலிப்பு வந்தது. ஒரு வேளை மாத்திரை தவறினாலும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். எங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரை ஒருமுறை தீர்ந்துபோனது.

"ஸ்டாக் பந்தில்லா அம்மா, இன்னும் வரல. வெளிய வாங்கிக்கோங்க" என்றார் மருந்து கொடுப்பவர்.

நான் திரும்பிவிட்டேன். அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எப்ப வரும்னு சொல்லுங்க சார், அதுவரிக்கும் இருக்கேன். வீட்ல போயி இன்னா கிழிக்கப் போறேன்?"

அடுத்த செவ்வாய்க்கிழமை, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கிடைக்காத தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடவே உட்கார்ந்தார்கள். கோஷம் கிடையாது. பிளாஸ்க்கில் டீ வரும். மருந்து கொடுப்பவருக்கும் ஒரு டம்ளர் உண்டு. "அவரு இன்னாடி பண்ணுவாரு, மேல இருந்து வந்தாதானே குடுப்பாரு?" என்று சொல்லி, அக்கா எல்லோரையும் மேலதிகாரியின் அலுவலகத்துக்கே கூட்டிப்போனார். மாத்திரை வந்தது. சில மாதங்களில் நின்றது. மறுபடி உட்கார்ந்தார்கள், மறுபடி வந்தது.

பிறகு அக்கா கேட்டது மாலை நேர டாக்டர். சாயங்காலம் வேலை விட்டு வருகிறவர்கள் பார்ப்பது பூட்டிய கதவைத்தான். காய்ச்சலுக்கு ஊசி போடக்கூட ஒரு நாள் கூலியை விட வேண்டும். "பார்க்கலாம்" என்ற பதிலையே அக்கா ஒவ்வொரு முறையும் வாங்கி வந்தார்.

அந்தக் கடைசி நாள் சாயங்காலம் என் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சுகாதார நிலையம் அடுத்த தெருவில்தான். பூட்டியிருக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஆட்டோவில் ஏறி, ஓல்டு மெட்ராஸ் ரோடு நெரிசலைத் தாண்டி அரசு மருத்துவமனைக்குப் போனோம். தெருவில் யாருக்கு முடியாமல் போனாலும் அங்கே அழைத்து வருபவர் அக்கா. அதனால் அவசரப் பிரிவு ஊழியருக்கு அவரை நன்றாகத் தெரியும். அக்கா நடந்தே உள்ளே வந்தார். அழுது நடுங்கிக்கொண்டிருந்தவள் நான்.

"இன்னிக்கி யாரைக் கூட்டினு வந்தீங்க மேடம்?" என்று கேட்டபடி அந்த ஊழியர் சக்கர நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"அவ இல்லப்பா. இன்னிக்கி நான்தான்" என்று அக்கா சிரித்தார்.

அவர் பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட ஓடினார். இதயப் பிரிவில் படுக்கை காலியில்லை. ஸ்ட்ரெச்சரிலேயே மருந்து ஏற்றினார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், எழுந்து அவரே படுக்கை கேட்டுவிடுவார் என்பதுபோல. படுக்கை கிடைப்பதற்குள் அக்கா போய்விட்டார்.

பக்கத்திலேயே டாக்டர் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கூலி வாங்க மறுத்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், வேலை உடுப்போடு வந்து வாசலில் நின்று அழுத அந்த ஊழியருக்கும், துக்க வீட்டில் எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்த மருந்து கொடுப்பவருக்கும், மாமாவைத் தனியே விடாத தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

"இனிமே மாத்திரை இல்லன்னா யாரும்மா கேப்பாங்க?" என்கிறான் மகன். மாலை நேர டாக்டரும் இன்னும் வரவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை அந்தப் பெஞ்சில் போய் உட்காரப் போகிறேன். பேசத் தெரிந்தவர்கள் யாராவது என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.