வெளியே உட்கார வைத்த வக்கீலம்மா

என் கணவருக்கு அந்த வக்கீலம்மாவைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று என் அக்கா சொன்னாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் இருப்பது முதல் மாடி. கீழ் வீட்டுக்காரர் புதிதாகக் கார் வாங்கினார். என் கணவரின் பைக்கும் என் ஸ்கூட்டரும் நிற்கிற இடம் அவருக்குத் தேவைப்பட்டது. ஒரு சாயங்காலம் சண்டை போட மாடி ஏறி வந்தவர், படியில் உருண்டு கையை முறித்துக்கொண்டார். என் கணவர் பிடித்துத் தள்ளிவிட்டதாகப் புகார் கொடுத்தார். போலீஸ் வழக்குப் போட்டது. நான் அப்போது உள்ளே மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "நான் தொடவே இல்ல" என்றார் என் கணவர். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வீட்டில் வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர். தண்டனை என்று ஒன்று வந்தால் வேலை போய்விடும் என்று பள்ளி நிர்வாகம் சொல்லிவிட்டது.

சர்ச்சில் ஆளுக்கு ஒரு பெரிய வக்கீல் பெயரைச் சொன்னார்கள். எல்லாரும் ஹைகோர்ட் வக்கீல்கள். தாம்பரம் கோர்ட்டுக்கு ஜூனியரை அனுப்பி வாய்தா வாங்குகிறவர்கள் என்று விசாரித்ததில் தெரிந்தது. நான் லீவு போட்டுவிட்டு கோர்ட்டுக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். வழக்கின் பெயரைக் கூப்பிட்டதும் யார் உடனே எழுந்து நிற்கிறார்கள், யாருக்குத் தன் கட்சிக்காரரின் முகம் தெரிந்திருக்கிறது என்று பார்த்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படித் தேர்ந்தெடுத்தவர்தான் அந்த அம்மா. என்னைவிடக் கொஞ்சம் சின்ன வயது. கொண்டை போட்டு, கட்சிக்காரர்களை அதட்டிக்கொண்டு, நீதிபதி கேட்ட கேள்விக்கெல்லாம் வழக்குக் கட்டைப் பிரிக்காமலே பதில் சொன்னார். லேடி வக்கீலா என்று என் கணவர் தயங்கினார். நான்தான் வற்புறுத்தினேன்.

ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அவர் ஆபீஸ். முதல் நாளே என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்கம்மா. பின்னாடி உங்களைச் சாட்சியா கூப்பிட வேண்டி வரும். கேஸ் பேச்சு உங்க காதுல விழக்கூடாது" என்றார்.

நான் குரோம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் இருக்கிறேன். வருகிறவர்களை வெளியே உட்காருங்கள் என்று சொல்வதுதான் என் பிழைப்பே. அதை என்னிடமே ஒருத்தி சொன்னபோது சுருக்கென்றது. மாடிப்படியில் உட்கார்ந்தேன். மூடிய கதவுக்குள்ளிருந்து என் கணவரின் குரல் வந்துகொண்டே இருந்தது. வார்த்தை புரியவில்லை, குரல் மட்டும்தான். நிற்காமல், இடையிடையே தணிந்து, மறுபடி தொடங்கி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தத்தின்மீதுகூட எனக்கு எரிச்சல் வந்தது.

டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக்கூடாது என்பார்கள். பெண்டாட்டியிடம் எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை போலிருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே கண்ணில் உறுத்தியது. வாய்தா நாள் வந்தால் என் கணவர் முந்தின நாளே ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். வெள்ளைச் சட்டையை நான் தேய்த்தது போதாதென்று மறுபடி தேய்த்தார். போனில் "சொல்லுங்க மேடம்" என்று எழுந்து நின்று பேசினார். சாப்பாட்டுக்கு முன் ஜெபத்தில் "எங்கள் வழக்கறிஞர் சகோதரியை ஆசீர்வதியும்" என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. ஆண்டவர் காது வரைக்கும் போய்விட்டாளே இவள் என்று நினைத்துக்கொண்டு, ஆமென் சொல்லாமல் சோற்றில் கை வைத்தேன். ஒருநாள் அந்த அம்மா என்னிடம், "சாருக்குக் காலையில தலை சுத்துதாமே, சுகர் பார்த்தீங்களா?" என்று கேட்டார். எனக்குத் தலை சுற்றுகிற விஷயமே தெரியாது. பார்த்தாச்சு என்று பொய் சொன்னேன்.

இன்னொரு நாள் ஆபீஸ் கதவு திறந்து வெளியே வந்தபோது என் கணவரின் கண் சிவந்திருந்தது. என்ன என்று கேட்டேன். தூசி என்றார். அந்த அறையில் தூசியே கிடையாது. நான் பார்த்திருக்கிறேன், மேஜை கண்ணாடி மாதிரி இருக்கும். அவர் அப்பா செத்தபோதுகூட என் முன்னால் அழாத மனிதர் அவர்.

கோர்ட்டிலும் விசாரணை தொடங்கியதும் சாட்சி உள்ளே இருக்கக்கூடாது என்று என்னை வராந்தாவுக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்குத் துணை ஒரு மீன்காரம்மா. கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து மேடவாக்கத்தில் விற்கிறவர். மகன்மேல் ஏதோ அடிதடி வழக்கு. அவர் சாட்சி இல்லை என்பதால் உள்ளே போய் உட்காரலாம். எனக்கு அவர்மேலும் பொறாமைதான். என் புருஷனின் வழக்கை யாரோ பார்க்கலாம், நான் பார்க்கக் கூடாது. ஆனாலும் அவர் வெளியே வந்து எல்லாவற்றையும் எனக்குச் சொல்லுவார். என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டார். "இன்னாம்மா, அந்த வக்கீலம்மா உன் வூட்டுக்காரர இட்டுக்கினு பூடுமா? கருப்புக் கோட்டப் போட்டுக்கினு இந்த வெயில்ல அது நிக்கறதே பெருசு" என்று சிரித்தார்.

கீழ் வீட்டுக்காரரைக் குறுக்கு விசாரணை செய்த அன்று மட்டும் மீன்காரம்மா சிரிக்காமல் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே என்ன கேட்டார்கள் என்று நான் விடாமல் நச்சரித்தேன்.

"அத்த உன் வூட்டுக்காரரு கைல கேட்டுக்கோ கண்ணு. என் வாயால வாணாம்" என்றார்.

ஆக, இவருக்கும் தெரிந்துவிட்டது. நீதிபதிக்குத் தெரியும், டைப் அடிக்கிறவருக்குத் தெரியும், அந்த வக்கீலுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரியாதவள் நான் ஒருத்தி.

எங்கள் தரப்புச் சாட்சி சொல்ல வேண்டிய நேரம் வந்தபோது, வக்கீலம்மா என்னைத் தேடி வராந்தாவுக்கே வந்தார். முகம் வாடியிருந்தது. நான் சாட்சி சொல்ல வேண்டாம் என்று என் கணவர் பிடிவாதம் பிடிப்பதாகவும், என்னை விட்டால் வேறு சாட்சி இல்லை என்றும், இப்படியே போனால் வழக்குத் தோற்கலாம் என்றும் சொன்னார். ஏன் வேண்டாம் என்கிறாராம் என்று கேட்டேன்.

"அது அவர் என்கிட்ட சொன்னதும்மா. நான் சொல்லக்கூடாது."

அவர் என்கிட்ட சொன்னதாம். என் புருஷன் மனதில் இருக்கிறது அவளுடைய பெட்டியில் பூட்டியிருக்கிறது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. அன்று வீட்டுக்குப் போய் ஆடித் தீர்த்துவிட்டேன். கூண்டில் ஏறியே தீருவேன், முடியாது என்றால் நாளைக்கே அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அவர் வேலை போய்விடுமே என்ற பயத்தில்தான் அத்தனையும் பேசினேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அவளிடம் இருப்பது எனக்கும் வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கூண்டில் ஏறினேன். வக்கீலம்மா சுருக்கமாகக் கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். மிக்ஸியை நிறுத்தினேன், வெளியே யாரோ கத்துவது கேட்டது, என்ன கத்தினார் என்று புரியவில்லை. கதவைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியே பார்த்தேன், வெளியிலிருந்து என் கணவர் கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தார். விடுங்க விடுங்க என்று உள்ளிருந்து கத்தினேன், பிடி தளரவில்லை. அப்போதுதான் தடதடவென்று விழுகிற சத்தம். அதற்கப்புறம்தான் கதவு திறந்தது. பயத்தில் பிடித்துக்கொண்டிருந்தார் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். யாரும் கேட்காததால் யாரிடமும் சொல்லவும் இல்லை.

அரசு வக்கீல் எழுந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்து நிதானமாகப் படித்தார்.

"'பிள்ளையில்லாத வீட்டுக்கு ரெண்டு வண்டிக்கு எதுக்கு இடம், அந்த மலடி ஓட்டாட்டி என்ன' என்று கீழ் வீட்டுக்காரர் கேட்டார். அந்த ஆத்திரத்தில்தான் உங்கள் கணவர் அவரைத் தள்ளினார் என்கிறேன்."

அந்த வார்த்தை எனக்குப் புதிதில்லை. சொந்தக்காரர்கள் வாயில் வேறு வேறு உருவத்தில் கேட்டதுதான். தினமும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிறவள் நான், எனக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கதவு ஏன் திறக்கவில்லை என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது. எதிரே குற்றவாளிக் கூண்டில் என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வக்கீலம்மாவும் என்னைப் பார்க்கவில்லை.

"அவர் ரெண்டு கையும் கதவுல இருந்துது சார்," என்றேன்.

கீழ் வீட்டுக்காரர் இப்படிக் கேட்டதை உங்கள் கணவர் உங்களிடம் சொன்னாரா என்று நீதிபதியே கேட்டார். இல்லை என்றேன். அதை அவர் எழுதிக்கொண்டார். சொல்லிக்கொடுத்துச் சொல்கிற சாட்சி அல்ல என்பதற்கு அந்த 'இல்லை'தான் உதவியது என்று வக்கீலம்மா பிறகு சொன்னார். கொஞ்ச நாளில் விடுதலை என்று தீர்ப்பு வந்தது. நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அப்போதும் உள்ளே ஒரு ஓரத்தில் அவளைப் பிடிக்கவில்லை.

தீர்ப்பு வந்த சாயங்காலம் இரண்டு பேரும் வண்டிகளை உள்ளே நிறுத்தினோம். அவர் மேலே ஏறாமல் அங்கேயே நின்றார். பைக்குக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஒரு சின்ன சைக்கிளும் நின்னிருந்தா..." என்றார்.

நான் காத்திருந்தேன். அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, வா என்று சொல்லி மாடி ஏறிவிட்டார். அந்தப் பேச்சின் மீதியை அவர் எங்கே சொல்லி முடித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் வெளியே, ஜெராக்ஸ் கடை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.