துளையிட்ட குண்டுமணி

அன்று பபேடான் பேட்டையில் இருந்த எங்கள் கடையில் இருந்தவர்கள் நான், என் மனைவி, குண்டுமணியில் துளை போட்டுக் கையணி கோத்துக்கொண்டிருந்த என் மகள், களிமண் பிள்ளையார் கேட்டு வந்த ஒரு அம்மாள். அப்போதுதான் விஷப் பொருள்களைக் கண்காணிக்கும் அரசு அதிகாரி வந்தார். ஒல்லியான தமிழர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தார்.

“ஊலே, துளை போடறது யாரு?” என்று பர்மிய வழக்கில் என்னை மாமா என்றழைத்துக் கேட்டார்.

நானும் ஐயா என்பதற்கான பர்மியச் சொல்லாலேயே பதில் சொன்னேன். “நம்ம பொண்ணுதான், ஸயா. தப்பா?”

“மணி முழுசா இருந்தா பயமில்ல. துளைச்சா உள்ள இருக்கற விஷம் தூளா வரும். வாயில, காயத்துல படக்கூடாது. அதனாலதான் துளைச்சத விக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கு.”

முதல்முறையாகக் கைகளை முன்னால் கொண்டுவந்து, மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். காயம் எதுவும் இல்லை. கையணிகளை மட்டும் பையில் கட்டி முத்திரை வைத்தார்.

“பிள்ளையாருக்கெல்லாம் கண்ணு இதுதானே, ஸயா. அதையும் எடுத்துடுவீங்களா?” என்றேன்.

“எடுத்துட்டா சாமி எப்படிப் பாக்கும்? அதுல துளை இல்ல, இருக்கட்டும். குழந்தைங்களுக்கு எட்டாம வைக்கச் சொல்லி வித்துக்கங்க.”

போகும்போது அவரே ஒரு பிள்ளையார் வாங்கினார். இப்போதும் அந்தச் சிவப்புக் கண்களைப் பார்த்து நான் பயப்படும்போது, அவர் வாங்கிப்போனதை நினைத்துத்தான் மனம் அடங்குகிறது. அவர் பிறகு வரவே இல்லை. அன்று சில்லறை இல்லாமல் நிறுத்திவைத்த மீதிப் பணம் ஐந்நூறு கியாட்டை அவருக்கு நான் இன்னும் தரவேண்டும்.