மாவுக்கு வந்த காய்ச்சல்

"கல்லச் சுத்தறதுக்கும் கரண்டு, அது பண்ற சூட்ட ஆத்தறதுக்கும் கரண்டு. ரெண்டுக்கும் நாந்தான் பில்லுக் கட்டோணும்."

சிங்காநல்லூர்க் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் இட்லி மாவு விற்கும் தெய்வாத்தாள், ஒன்பது வருஷமாகத் தினமும் பகல் மூன்று மணிக்கு இதைச் சொல்கிறாள். ஒரு கையால் கிரைண்டர் சுவிட்சைப் போடுவாள். மறு கையால் பிரிட்ஜிலிருந்து ஐஸ் தண்ணீரை எடுப்பாள். ஆட்ட ஆட்ட உளுந்து சூடேறும். சூடேறினால் மாவு நேரத்துக்கு முன்னாலேயே புளித்துவிடும். அதற்குத்தான் ஐஸ் தண்ணீர். யாரும் அவளுக்குப் பதில் சொன்னதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை.

வியாபாரம் மோசமில்லை. ஆனால் தெருவை நம்பிய வியாபாரம். ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மூன்று கிலோ போகும். எல்லோரும் ஊருக்குப் போய்விட்டால் மிஞ்சியதைத் தன் வீட்டிலேயே நாலு வேளை ஊத்தப்பமாக ஊற்றித் தள்ள வேண்டும். தினமும் இவ்வளவு என்று நிலையாக வாங்க ஒரே ஒரு இடம் கிடைத்தால் போதும், அவள் ஆசை அவ்வளவுதான். இந்தச் சித்திரையில் அது வந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்று. சமையலைப் பார்த்துக்கொள்ளும் உம்மல் குல்சும் தினம் இருபது கிலோ கேட்டாள். ஒரு நாள் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

செவ்வாய் சாயங்காலம் மாவு போனது. அந்த ஒரு நாளே கெட்டுப்போனது. புதன்கிழமை காலையில் போன் வந்தது.

"அக்கா, டிரம்மு பொங்கி வழிஞ்சு தரையெல்லாம் மாவுங்க. இட்லி ஊத்துனா தட்டையாக் கெடக்குது, புளிப்பு வேற. பிள்ளைக தட்டுல அப்படியே வெச்சுட்டுப் போயிட்டாங்க. நாளைக்கு இன்னொருக்காக் குடுங்க. அதுவும் இப்படின்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன், கோவிச்சுக்காதீங்க."

தெய்வாத்தாளின் வீட்டுக்காரர் தனபால் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் தீர்ப்புச் சொன்னார். "உளுந்து பழசு."

"பழைய உளுந்துன்னா பொங்கவே பொங்காதுங்க. தெரியாததப் பேசாம பேப்பரப் படிங்க."

அன்று மூன்று மணிக்கு உளுந்தைப் போட்டாள். எப்போதும் அரை மணி நேரம் ஆடுகிற உளுந்து கால் மணியில் பந்தாகத் திரண்டுவிட்டது. முந்தின நாளும் அப்படித்தான். புது உளுந்து நல்ல உளுந்து போல என்று அப்போது சந்தோஷப்பட்டிருந்தாள். இன்று அள்ளக் கையை விட்டவள் சட்டென்று நின்றாள். இத்தனை ஐஸ் தண்ணீர் ஊற்றியும் மாவு குளிக்கிற வெந்நீர் மாதிரி இருந்தது.

"அம்மணி, கொழந்தைக்குக் காச்சல் பாக்கற குச்சியக் கொண்டா" என்று மருமகளைக் கூப்பிட்டாள்.

"அது வாயில வெக்கறதுங்க அத்தை" என்றாள் நித்யஸ்ரீ.

"கழுவிக்கலாம். கொண்டா."

குச்சி மாவுக்குள் போனது, பீப் பீப் என்றது. நித்யஸ்ரீ எடுத்துப் பார்த்தாள். "நூத்தி அஞ்சுங்க அத்தை. மனுசனா இருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரியில சேத்தியிருப்போம்."

தனபால் பேப்பரை மடித்தார். மெதுவாகத்தான் மடித்தார்.

"வேகங் கொஞ்சம் எச்சுப் பண்ணியிருக்கறேன்" என்றார்.

முப்பது வருஷம் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்த கை அது. விடுதி ஆர்டர் வந்ததும், பொண்டாட்டி ராவெல்லாம் ஆட்டிக்கொண்டு கிடப்பாளே என்று, திங்கட்கிழமை அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் மோட்டாரில் பெல்ட் ஓடுகிற சக்கரத்தை, அந்தப் புல்லியை, கழற்றிப் பெரியதாக மாட்டிவிட்டிருக்கிறார்.

"ஆரக் கேட்டு மாத்துனீங்க?"

"மில்லுல வேகத்த ஏத்துனா புரொடக்‌ஷன் ஏறும். மானேசரு கூப்புட்டுக் கை குடுப்பாரு."

"மில்லுல உளுந்தா ஆட்டுனீங்க? நூலு புளிக்குமாங்க?"

தனபால் பேப்பரைக் கீழே வைத்தார். எழுந்து வந்து கல்லின் மேல் கையை வைத்துப் பார்த்தார். தப்புப் புரிந்தது. புரிந்ததும் தப்புச் செய்தவர் மாதிரி இல்லாமல் பாடம் நடத்த ஆரம்பித்தார்.

"இங்க பாரு. கரண்டு மோட்டாருக்குள்ள போயிச் சுத்தா மாறுது. அந்தச் சுத்து கல்லுக்குப் போகுது. கல்லு உளுந்த ஒரசுது, ஒரசுனா சூடு. முன்னயும் சூடுதான். ஆனா அரை மணி நேரத்துல மெதுவா வந்துச்சு, வர வரக் காத்துல ஆறிக்கிச்சு. இப்ப அத்தனையும் கால் மணில வருது. ஆற நேரமில்ல."

"அப்ப ஓடறப்ப வர்ற கடகட சத்தம்?"

"அதுவும் கரண்டுதான். கொஞ்சம் சத்தமாப் போயிருது."

"அப்ப அத்தை போடற சத்தம்?" என்று கேட்டாள் நித்யஸ்ரீ.

"அது காலைல தின்ன ராகிக்களி. உங்கத்தைக்கு மட்டும் ஒரு உருண்டகூட வீணாப் போறதில்ல."

தெய்வாத்தாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "பேசுனது போதும். பழைய புல்லிய எங்க வெச்சுப்போட்டீங்க?"

தேங்காய் மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. தனபால் வேர்க்க விறுவிறுக்க அதைத் திரும்ப மாட்டினார். காய்ச்சல் வந்த உளுந்து இனி இட்லிக்கு ஆகாது. அதில் வெங்காயத்தை அரிந்து போட்டு வடையாகச் சுட்டுத் தெருவுக்கே கொடுத்தாள். வேறு உளுந்தை ஐஸ் தண்ணீரிலேயே ஊற வைத்து, அஞ்சு மணிக்கு மேல் மறுபடி ஆட்டினாள். இந்தத் தடவை அரை மணி ஆனது. குச்சியை வைத்தால் எண்ணே வரவில்லை.

"என்ன கண்ணு, 'லோ'ன்னு எழுத்துக் காட்டுது?"

"இவ்வளவு குளுந்தா அதுக்குக் கணக்குத் தெரியாதுங்க அத்தை. கொழந்தைக்குன்னா பயப்படோணும். மாவுக்கு நல்லதுதானுங்க."

வியாழக்கிழமை காலையில் டிரம்மைத் திறந்தால் மாவு மூடிக்கு நாலு விரல் கீழே பூத்து நின்றது. மொபெட்டில் தானே கொண்டுபோனாள். இறக்கிவிட்டுத் திரும்பவில்லை. முதல் ஈடு வேகும்வரை விடுதிச் சமையலறை வாசலிலேயே நின்றாள். உம்மல் குல்சும் ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டாள். சட்னி இல்லாமலேயே முழுசாகத் தின்றாள். இன்னொன்றையும் எடுத்தாள்.

"தினம் இருபது கிலோங்கக்கா. ஞாயித்துக்கெழம மட்டும் இருபத்தஞ்சு" என்றாள்.

"சரிங்க. அந்தக் காலி டிரம்மக் குடுங்க" என்றாள் தெய்வாத்தாள். வீட்டுக்கு வந்து மொபெட்டை நிறுத்தினாள். வாசலில் தனபால் நின்றிருந்தார்.

"என்னாச்சு?"

"தினம் இருபது கேக்கறாங்க. இனி மோட்டாரத் தொட்டீங்கன்னா சோறு கெடையாது."

அவர் அன்று ரெண்டு தடவை டீ குடித்தார். ரெண்டையும் அவளே போட்டுக் கொடுத்தாள்.

சிங்காநல்லூர்ப் பக்கம் போனால் அவளைப் போய்ப் பாருங்கள். பகல் மூன்று மணிக்குப் போங்கள், அப்போதுதான் கல் ஓடும். தெருவில் நுழைந்தால் சத்தமே வீட்டைக் காட்டும். கையைக் கழுவிக்கொண்டு கேட்டால் மாவைத் தொட்டுப் பார்க்க விடுவாள். பாத்திரம் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் பையில் ஊற்றித் தரமாட்டாள். ஞாயிறு மட்டும் வேண்டாம், அன்றைக்கு விடுதிக்கே சரியாக இருக்கும்.