நாகலக்ஷ்மி மாமி தோண்டி எடுத்த வெயில்

மாதவ் அறைந்தது இடது கன்னத்தில். ஐந்து மழைக்காலம் போய்விட்டது. இன்றைக்கும் சுடலைக்கண்ணன் சவரம் செய்யும்போது அந்தப் பக்கம் மட்டும் பிளேடு கொஞ்சம் அழுத்தமாகத்தான் இறங்கும்.

இடம் பம்பாய் மாட்டுங்கா, ஒரு கட்டிடத்து கேட்டுக்கு முன்னால். இஸ்திரி வண்டிக்காரன் பார்த்தான், பூக்காரி பார்த்தாள், பள்ளிக்கூட வேனில் இருந்த பிள்ளைகள் பார்த்தன. முந்தின நாள் சாயங்காலம் அடித்த காற்றில், மொட்டைமாடியில் சுடலை கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் மூங்கிலோடு பிய்த்துக்கொண்டு போய், குடியிருப்போர் சொசைட்டி செகரட்டரி மாதவின் புதுக் கார் மேல் விழுந்திருந்தது. "கட்டத் தெரியாதவனுக்கு மாடியில என்னடா வேலை?" என்று கேட்டுவிட்டு மாதவ் கையை வீசினான்.

திருப்பி அடிக்கச் சுடலைக்குக் கையும் இருந்தது, கோபமும் இருந்தது. ஆனால் ஒரு நிமிஷம் அவனுக்கே தன் முடிச்சின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அறையைவிட அந்த ஒரு நிமிஷம்தான் அவனை அதிகம் தின்றது.

பம்பாயில் மே மாதம் பிறந்தால் தார்ப்பாய் கட்டுகிறவனைக் கையில் பிடிக்க முடியாது. ஒழுகாத மாடி என்று இந்த ஊரில் ஒன்று கிடையாது. பேர் கெட்டவனை மட்டும் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். மாட்டுங்கா முழுக்க அவனுக்குக் கதவைச் சாத்திக்கொண்டது. மாஹிமிலும் காட்கோபரிலும் கிடைத்ததைக் கட்டினான். தாராவியில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால் கூட்டாளி வானமாமலை விடமாட்டான். "ஏல, காத்தடிக்கி. சுடலையப் பிடிச்சுக்கிடுங்க, பறந்துருவான்."

அப்படி இருக்கும்போதுதான் போன ஏப்ரலில் நாகலக்ஷ்மி மாமி போன் செய்தாள்.

மாமி அதே கட்டிடத்தில் இரண்டாவது மாடி. ஒரு விமானக் கம்பெனியின் சரக்கு ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள். அழுகின தேங்காயைப் பையில் வைத்துக்கொண்டு, விற்றவன் மறுபடி அந்தத் தெருவுக்கு வரும்வரை காத்திருந்து, அவன் வண்டியிலேயே போட்டு உடைத்தவள். தாதர் ஸ்டேஷன் படியில் தன்னை இடித்துத் தள்ளிவிட்டு ஏறின ஒருத்தியை மறுவாரம் அதே ரயிலில் அடையாளம் கண்டு, பக்கத்து இடத்தில் கைப்பையைப் பரத்தி வைத்து, தானே ஸ்டேஷன் வரை நிற்கவைத்துக் கூட்டிப்போனவள். "மறந்துபோச்சு" என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

புருஷன் சந்திரமௌலி நேர் எதிர். பசு மாதிரி மனுஷன். அவருக்கு இருந்தது ஒரே ஒரு கிறுக்கு. மொட்டைமாடியில் ஒரு கம்பம் நட்டு, காற்றை அளக்கச் சுற்றும் கிண்ணம், மழையை அளக்க ஒரு டப்பா, வெயிலை அளக்க ஒரு கண்ணாடிக் குமிழ் என்று மாட்டி வைத்திருந்தார். அது பாட்டுக்கு நாள் முழுக்கக் கணக்கெடுத்து இன்டர்நெட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சுடலை தார்ப்பாய் கட்டின அன்றே வந்து நின்றார்.

"உன் தார்ப்பாய் கார்த்தால பூரா என் வெயில் மெஷின் மேல நிழல் அடிக்கறதேப்பா."

"மழைக்காலத்துல வெயில அளந்து என்ன மாமா செய்யப் போறிய?"

அவரும் சிரித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அந்த மனுஷன் இறந்து இரண்டு வருஷம்.

சுடலை போனபோது மாமி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். முழங்கால் போய்விட்டது, கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. சான்பாடாவில் மகள் வந்தனாவோடு போய் இருக்கப்போகிறாள்.

"உக்காரு சுடலை. நோக்கு ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டுக் கத்தப்படாது."

"சொல்லுங்க மாமி."

"உன் தார்ப்பாய் பறந்த அன்னிக்கு நாங்க செம்பூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து இவர் கம்ப்யூட்டரைப் பாத்தார். தெனம் கார்த்தால நிழல்ல கிடக்கற மெஷின் மேல அன்னிக்கு மட்டும் பத்து மணிக்குப் பளிச்னு வெயில். கொஞ்ச நாழி கழிச்சு மறுபடியும் நிழல். அப்போ காத்தே இல்லை. காத்து அடிச்சது சாயங்காலம். அப்படின்னா என்ன அர்த்தம்?"

"எவனோ அவுத்திருக்கான்."

"அவுத்துட்டு, ஏனோதானோன்னு திரும்பக் கட்டியிருக்கான். அந்தக் கட்டுதான் பறந்தது. உன் கட்டு இல்லை."

"அறை வாங்குனது நானு. மாமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மாதவ்கிட்ட போய்ச் சொன்னார். தனியா, மெதுவா. அசடு! மறுவாரமே, கம்பம் இடியை இழுக்கும்னு நோட்டீஸ் ஒட்டி, பிடுங்கிப் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டான். விடுடி, ஒரே கட்டிடத்துல இருக்கணும்னார் இவர். அதுக்கப்பறம் மொட்டைமாடிக்கே போகலை. அவர் இருந்தவரைக்கும் வாயை மூடிண்டிருந்தேன். விட்டுட்டேன்னு அர்த்தமா? ஜூன்ல மீட்டிங் வரது. மாதவ் திரும்பவும் செகரட்டரிக்கு நிக்கறான்."

சுடலை கத்தவில்லை. செத்த மனுஷனைக் கத்தி என்ன ஆகப்போகிறது? ஆனால் சுவரில் மாலை போட்டிருந்த படத்தை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

கம்பம் போனாலும் கணக்கு போகவில்லை. அந்த வெப்சைட் ஒரு வருஷத்துக் கணக்கை மட்டும்தான் வெளியில் காட்டும். பழையதை உள்ளே பத்திரமாகக் கட்டி வைத்திருக்கும். உடையவர் பேரில் உள்ளே நுழைந்து கேட்டால்தான் எடுத்துக் கொடுக்கும். பாஸ்வேர்டு சந்திரமௌலியோடு போய்விட்டது. மாமி குலதெய்வத்தின் பேரை அடித்துப் பார்த்தாள், வந்தனாவின் பேரை அடித்துப் பார்த்தாள், தன் பேரையும் அடித்துப் பார்த்தாள்.

"எம்பேரும் இல்லை. பாரேன் இந்த மனுஷனை!"

மறந்துபோனவர்களுக்கு என்று ஒரு வழி இருந்தது. உடையவரின் போனுக்கு ஒரு நம்பர் வரும். மாமி அலமாரியைத் திறந்து, சார்ஜரில் கிடந்த போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"மாமா நம்பரு இன்னும் உயிரோட கெடக்கா?"

"விடாம ரீசார்ஜ் பண்ணிண்டு வரேன். அம்மாக்கு அப்பா மேல எவ்ளோ ஆசைன்னு வந்தனா எல்லார்கிட்டயும் சொல்லிண்டு திரியறா." மாமி மூக்கை உறிஞ்சினாள். "ஆசையும்தான். ஆனா இதுக்குத்தான் வெச்சிண்டிருந்தேன்."

செத்தவரின் போன் கிணுகிணுத்தது. நம்பர் வந்தது. கதவு திறந்தது.

கணக்கு உடனே கைக்கு வந்துவிடவில்லை. தயாரானதும் அனுப்புகிறோம் என்றது வெப்சைட். சாமான் கட்டுகிற சாக்கில் சுடலை வந்து வந்து போனான். ஒரு நாள் வந்தபோது மாமியின் கம்ப்யூட்டர் நிறைய எண்களாக இருந்தது. அந்தத் தேதியைத் தேடி மாமி இறங்கிக்கொண்டே போனாள். வெயிலும் இருந்தது, பளிச்சென்று ஏறித்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த நேரம் மட்டும் நாலரை.

"விடியக்காலம் நாலரைக்கு ஏது மாமி வெயிலு? மாமாவோட மெஷினு கெட்டுப்போய்க் கெடந்திருக்கு. அதை வச்சிக்கிட்டு மீட்டிங்குல போய் நின்னா காறித் துப்புவான்." சுடலை எழுந்துவிட்டான். அந்த ஒரு நிமிஷச் சந்தேகம் திரும்ப வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்ப மாட்டினாள். பிறகு பல் தெரியச் சிரித்தாள்.

"முப்பது வருஷம் ஆபீஸ்ல இதைத்தானே கூட்டிக் கழிச்சேன்! இது நம்ம நேரம் இல்லை, லண்டன் கணக்கு. அஞ்சரை மணி கூட்டு."

சுடலை விரல்விட்டுக் கூட்டினான். பத்து. இன்னொரு தரம் கூட்டினான். அப்போதும் பத்துதான்.

ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, காம்பவுண்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு மீட்டிங். அதற்கு முன்னாலேயே மாமியின் பால்கனிக் கம்பியிலிருந்து ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. தாராவியில் அடித்து, சுடலையே கொண்டுவந்து கட்டியது. அதில் மாமாவின் வெயில் கணக்கு கோடாக ஓடியது: முந்தின நாள் காலையெல்லாம் தரையோடு படுத்துக் கிடந்த கோடு, அந்த ஒரு நாள் பத்து மணிக்கு மட்டும் எழுந்து நின்றது. அடியில் கொட்டை எழுத்தில், எல்லோருக்கும் புரிகிற இந்தியில், ஒரே கேள்வி: பத்து மணிக்கு மாடியில் யார்?

"என்ன மாமி தமாஷா? மேகம் விலகியிருக்கும், வெயில் அடிச்சிருக்கும்" என்றான் மாதவ்.

"அடிச்சிருக்கும்டாப்பா. தார்ப்பாய் நிழல்ல எப்படி அடிச்சது?"

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் மாதவைக் கெடுத்தது. "அரே, அவா அளவெடுக்கறதுக்கு ஒரு ஓரமா மடிச்சு வெச்சா, அவ்வளவுதான்! திரும்பக் கட்டிட்டுத்தானே போனா!" என்று கத்திவிட்டான்.

மூன்றாம் மாடி சாதனா எழுந்து நின்றாள். "யாரு அவா? என்ன அளவு?"

அவனாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை; மாடி மாடியாக அளவெடுத்து அலைந்தது அப்போது மொபைல் டவர் கம்பெனிக்காரன்தான். மாடியில் மொபைல் டவர் கூடாது என்று அந்த வருஷம்தான் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மாதவ் திருட்டுத்தனமாக டவர்காரனை மாடியேற்றி, அதை மூடி மறைக்கத்தான் சுடலையை அறைந்திருக்கிறான். மீட்டிங் முடிவதற்குள் தன் பேரைத் தானே வாபஸ் வாங்கிக்கொண்டான்.

மாதவுக்குப் பதவி போனதில் மாமியின் பாக்கி தீர்ந்தது. சுடலையின் பாக்கி கன்னத்தில் அப்படியே இருந்தது. அன்று சாயங்காலமே மாதவ் அவன் தோளில் கைபோட்டான். "ஆத்துக்கு வா சுடலை, சாய் சாப்டுண்டே பேசிக்கலாம். உள்ள வெச்சு ஸாரி சொல்லிடறேன். அந்த ஃப்ளெக்ஸை மட்டும் இறக்கிடுப்பா, தெருவே பாக்கறது." சுடலை அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டான்.

மறுநாள் மாமி சான்பாடாவுக்குக் கிளம்பினாள். பிறகு அவள் மாட்டுங்காவுக்குத் திரும்பவே இல்லை. ஆடி பிறப்பதற்குள் அங்கேயே கண்ணை மூடிவிட்டாள். கிளம்பின அன்று, டாக்ஸியில் ஏறும்போது சுடலை மாதவ் பேசியதைச் சொன்னான். மாமி ஒரு காலை உள்ளே வைத்தபடியே நின்றாள்.

"உள்ள வெச்சு சொல்றானாமா? அறைஞ்சது உள்ள வெச்சா?"

வீட்டுச் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"இந்த கேட்டுக்கு முன்னால, இஸ்திரிக்காரன் பாக்க, பூக்காரி பாக்க, வாயைத் திறந்து சொல்லட்டும். அதுவரைக்கும் யார் வந்து கேட்டாலும் சரி, வந்தனாவே போன் பண்ணிக் கெஞ்சினாலும் சரி, அந்த ஃப்ளெக்ஸ்ல ஒரு முடிச்சைக்கூட நீ அவுக்கப்படாது."