கறி சமைக்காத மனைவி

பஸ்ஸில் வரும்போதே என் கணவர் பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். "வீட்டுக்காரர் கேட்டால் நான் சொல்லுறன். நீர் வாய் திறக்காதையும்."

எழுபதுகளின் நடுப்பகுதி, ரொறன்ரோ. நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. கறி மணக்கிறது என்று சொல்லி, இருந்த வீட்டுக்காரன் மாத முடிவோடு வீட்டைவிட்டு எழும்பச் சொல்லிவிட்டான். ஸ்காபரோவில் நாலு வீடு ஏறி இறங்கினோம். நாலிலும் வாசலில் வைத்தே கேட்டார்கள், கறி சமைப்பீர்களா என்று. ஓம் என்றால் அறை இல்லை. எனக்கு விசர் பிடித்தது. கறி சமைப்பது என்ன, கொலைக்குற்றமா?

ஐந்தாவது, ஒரு ஜப்பானியக் குடும்பத்தின் வீடு. மேல்மாடி வாடகைக்கு இருந்தது. அவர்கள் வாசலில் வைத்து ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிறு மத்தியானம் சாப்பிட வரச் சொன்னார்கள்.

வீட்டுக்கார அம்மா குனிந்து வணங்கி, எங்கள் சப்பாத்துகளைக் கழற்றச் சொல்லி, வீட்டுச் செருப்பு தந்தார். என் கணவர் மரியாதை காட்டுகிறாராம், அந்தச் செருப்போடேயே பாய் விரித்த அறைக்குள் கால் வைத்தார். அந்த அம்மாவின் முகம் போன போக்கு! பாயில் யாராவது செருப்போடு ஏறுவார்களா? நான் என் செருப்பை அறை வாசலில் விட்டுவிட்டு, வயிற்றையும் தூக்கிக்கொண்டு போய்ச் சம்மணம் கட்டி இருந்தேன். அதை எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சோறு, மீன், தெளிந்த சூப். சாப்பிட்டு முடிந்ததும் அந்த அம்மா ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார்: "கறி சமைப்பீர்களா?"

"இல்லை, இல்லை," என்று கணவர் முந்திக்கொண்டார். "நாங்கள் பாணும் பட்டரும்தான். என் மனைவி கறி சமைப்பதே இல்லை."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? நாலு வாசலில் விழுங்கிய கோபம் தொண்டைக்கு வந்துவிட்டது.

"சமைப்பேன்," என்றேன். "ஒவ்வொரு நாளும். கறித்தூளுக்கு மிளகாயும் வறுப்பேன். வறுத்தால் வீடே இருமும்."

கணவர் தமிழில் பல்லைக் கடித்தார். "விசரே உமக்கு? பிள்ளையை எங்கை கொண்டுபோய் வைக்கப் போறீர்?"

"ஒளிச்சு ஒளிச்சுச் சமைக்க என்னாலை ஏலாது. நான் என்ன களவே செய்யிறன்?"

அந்த அம்மா எழும்பி உள்ளே போனார். இந்த வீடும் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனாலும் சொன்னதைத் திருப்பி விழுங்க மனம் வரவில்லை.

அவர் ஒரு சாடியோடு திரும்பி வந்து மூடியைத் திறந்தார். தவிட்டில் புதைத்த முள்ளங்கி ஊறுகாய். ஐயோ, அந்த நாற்றம்! தென்னம்மட்டை ஊறப்போட்ட குட்டை தோற்றுப்போகும்.

"இது வருடம் முழுக்க வீட்டில் இருக்கும்," என்றார். "முன்பு இருந்தவர்கள் இதனால்தான் போனார்கள். உங்களுக்குச் சரிவருமா?"

"மணமே இல்லை, மேடம்," என்றார் என் கணவர்.

"நாறுகிறது," என்றேன் நான். "ஆனால் வருகிறோம்."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

குடிபோன அன்றைக்கே கருவாடு பொரித்தேன். ஒரு ஜன்னலையும் திறக்கவில்லை.