பெருநாளுக்கு மாமா புகைபோட்ட இறைச்சி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, மாமா எங்கள் குரோய்டன் வீட்டுப் பின்வளவில் ஓர் இரும்புப் பீப்பாயை நிறுத்தி, எங்கள் மாதா கோயில் பெருநாள் விருந்துக்கான மாட்டிறைச்சியை அதில் புகைபோட்டு வேகவைக்கப் போவதாக அறிவித்தார். மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. விசா கேஸ் முடியாததால் அவருக்கு வேலை செய்ய அனுமதியில்லை. எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தார். என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவார், உடுப்பு மடிப்பார். யாராவது வீட்டுக்கு வந்தால் சத்தமில்லாமல் அறைக்குள் போய்விடுவார்.

பெருநாளன்று மாலைப் பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். இறைச்சி எப்போதும் அம்மாவின் பொறுப்பு. அதை அந்த வருடம் அவள் மாமாவிடம் ஒப்படைத்ததை அப்பாவால் நம்பவே முடியவில்லை. மாமா அதுவரை செய்த பெரிய சமையல் முட்டைப் பொரியல். இந்த வித்தையைக் கைபேசியில் வீடியோ பார்த்துத்தான் கற்றிருந்தார்.

விடிய முன்பே நெருப்பு மூட்டிவிட்டார். தலையணை அளவில் இரண்டு பிரிஸ்கெட். மாட்டின் நெஞ்சுப் பக்கத்து இறைச்சி, கொழுப்போடு. உப்பும் மிளகும் கொஞ்சம் எங்கள் கறித்தூளும் பூசி, கம்பித்தட்டில் கிடத்தி மூடினார்.

“பிள்ளை, மூடியைத் தொடாதை!” என்று என்னைக் காவல் வைத்தார். வீட்டுத் திரைச்சீலையெல்லாம் புகை மணத்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, எங்கள் வீடு எரியவில்லை என்று உறுதி செய்துகொண்டு போனார்.

மத்தியானத்துக்குப் பிறகுதான் சிக்கல். மூடித் துளை வழியாக இறைச்சியில் குத்தியிருந்த தெர்மாமீட்டரின் முள், சூடு மேலே ஏறாமல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. போதாததற்கு மழை. மாமா குடையைப் பீப்பாய்க்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்தார்.

“தம்பி, இது சரிவராது. வெட்டிக் குக்கரில போடுவம்,” என்றார் அப்பா. “சனத்துக்கு முன்னால மானம் போகப்போகுது.”

“ஏலாது அத்தான். இது இப்பிடிக் கொஞ்ச நேரம் நிண்டுதான் பிறகு ஏறும்.”

“ஏறாட்டி?”

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா பீப்பாயை ஒருதரமும் தம்பியை ஒருதரமும் பார்த்தாள்.

“அவன் சொல்லுறபடி விடுங்கோ. சரிவராட்டிச் சனத்துக்கு நான் மறுமொழி சொல்லுறன்.”

அப்பா உள்ளே போனார். திரும்பி வந்து தன் மழைக்கோட்டை மாமாவின் தோளில் போட்டார்.

முள் அசைந்ததை முதலில் கண்டது நான். “மாமா, ஏறுது!” என்று கத்தியதில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். மாமா இறைச்சியைத் தடித்த காகிதத்தில் சுற்றித் திரும்ப வைத்தார். பின்னேரம் வெளியே எடுத்தபோது அது எரிந்த மரக்குற்றி போலக் கன்னங்கரேலென்று கிடந்தது. அப்பா சிலுவை போட்டுக்கொண்டார்.

மண்டபத்தில், அத்தனை பேருக்கும் முன்னால் நின்று மாமா இறைச்சியில் கத்தியை வைத்தார். கறுப்புத் தோலுக்குக் கீழே, புகை ஊறியதற்கு அடையாளமாக, ரோசா நிறத்தில் ஒரு கோடு. அதற்குள்ளிருந்து சாறு வழிந்தது. ஒரு துண்டை விரலில் தூக்கிக் காட்டினார். பதம் தப்பாமல், இரண்டு பக்கமும் வளைந்து தொங்கியதே தவிர அறுந்து விழவில்லை. வரிசை கதவுவரை போயிற்று. பூசை வைத்த சுவாமியார் இரண்டாம் தரமும் தட்டோடு வந்தார்.

“ஆர் செய்தது?” என்று யாரோ கேட்டார்கள்.

“என்ர தம்பி!” என்றாள் அம்மா, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. அப்பா மேசை மேசையாகப் போய், முள் ஓரிடத்தில் நிற்கும் என்றும் அப்போது பயப்படக் கூடாது என்றும் எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

கடைசித் துண்டுவரை மாமா வெட்டிப் போட்டுக்கொண்டே நின்றார். ஒரு மாமி வந்து, “தம்பி, நீங்கள் சாப்பிட்டீங்களோ?” என்று கேட்டார்.

“ஓம், வயிறு நிறையச் சாப்பிட்டன்,” என்றார் மாமா, முகமெல்லாம் சிரிப்பாக.

காலையிலிருந்து அவர் பக்கத்திலேயே நின்றவள் நான். அவர் ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. சுவாமியார் பக்கத்தில் நிற்கும்போதே இப்படிப் பொய் சொல்கிறாரே என்று, எனக்கு அவரை நினைத்துப் பயமாக இருந்தது.